கோடை வெயிலில் சின்ன விமானத்தை எடுப்பது: ஹைவெல்டுக்குப் போய்வரும் டர்பன் பைலட்டுகளுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரமான டர்பனில் பறக்கக் கற்றுக்கொள்பவர்களின் கைப்பழக்கம் முழுக்கக் கடல் மட்டத்துப் பழக்கம். அங்குள்ள வர்ஜீனியா விமான மைதானம் கடலை ஒட்டியே இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய கொஞ்ச நாளில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணம், பிரிட்டோரியா பக்கம் லாடியத்தில் ஒரு கிரகப்பிரவேசம் என்று அழைப்பு வரும். சனிக்கிழமை காலையில், ஹைவெல்டு என்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் போய் இறங்குவதில் பெரிய சிரமம் இருக்காது. ஞாயிறு மதியம் விருந்து முடிந்து, நாலு பேரும் பைகளும் ஏறி, டேங்கை நிரப்பிக்கொண்டு அங்குள்ள ராண்ட் விமான நிலையத்தில் ரன்வே முனையில் போய் நிற்கும்போதுதான் ஆபத்து. நேற்று வந்த அதே விமானம், அதே பைலட்தான். காற்றுதான் வேறு.

இறங்க முடிந்த இடத்திலிருந்து ஏற முடியும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம். இறங்குவதற்கு எஞ்சினின் முழு பலம் தேவையில்லை, ஏறுவதற்குத் தேவை. அந்த பலம்தான் வெயிலில் குறைகிறது.

கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் ஆட்களை ஏற்றிவிட்டு அப்புறம் கணக்குப் போடுகிறார்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்த மாமாவை இறங்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது. அதனால் கணக்கு விமானத்துக்குத் தகுந்தபடி வராமல் மாமாவுக்குத் தகுந்தபடி வந்துவிடும்.

எடுத்துக்காட்டுகளுக்கு செஸ்னா 172என் மாடலை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் விமானம் வேறென்றால் எண்கள் மாறும், படிகள் மாறாது.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

உங்கள் விமானத்தின் சொந்தக் கையேடு. அதே மாடலின் கையேடு என்று இணையத்தில் கிடைத்தது போதாது. எஞ்சின் மாற்றியிருக்கலாம், புரொப்பல்லர் மாற்றியிருக்கலாம். கடைசியாக எடை போட்ட தாளும் அந்தக் கையேட்டோடுதான் இருக்கும்.

புறப்படும் நேரத்துக்கான வெப்பநிலை முன்னறிவிப்பு, க்யூஎன்எச் (கடல் மட்டத்துக்குச் சரிசெய்து சொல்லும் காற்றழுத்தம்), காற்றின் திசை. ரன்வேயின் நீளம், சரிவு, தார் பரப்பா புல்லா என்ற விவரம். ரன்வே முடிந்த பிறகு எதிரே என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்: மரமா, மின்கம்பியா, மேடா, வீடுகளா. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். இறங்க வரும்போது எதிர்முனையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அப்புறம் ஒரு குளியலறைத் தராசு. ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

1. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாக் கணக்கும் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலையோ நேரத்தைப் பொறுத்தது. அதனால் இதுதான் முதல் படி. ஹைவெல்டில் ஜனவரி மாதம் காலை ஆறரைக்கு 15 டிகிரி இருக்கும் இடத்தில் மதியம் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வித்தியாசம் விமானத்தைப் பொறுத்தவரை இரண்டாயிரம் அடி உயர வித்தியாசத்துக்குச் சமம். கணக்கு அடுத்த படியில் வருகிறது.

காலையில் கிளம்ப இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் பிற்பகலானால் ஹைவெல்டில் இடிமேகம் திரளும். மழை வந்து சேர்வதற்கு முன்பே அதிலிருந்து இறங்கும் காற்று தரையில் பரவி, ரன்வேயில் காற்றின் திசையைச் சட்டென்று மாற்றிவிடும். எதிர்காற்று என்று நம்பி ஓடத் தொடங்கியவருக்குப் பாதி ஓட்டத்தில் அது பின்காற்றாகும்.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி, என்ன அவசரம்" என்பார்கள். முதல் நாள் இரவே சொல்லி வைத்துவிடுங்கள்: காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம், இல்லையென்றால் வெயில் தாழ்ந்து வானம் தெளிவாக இருந்தால் பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் மறுநாள். இந்த மூன்றாவது வாய்ப்பை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடி பல தவறான டேக்-ஆஃப்களுக்குப் பின்னால் இருக்கிறது. வேலை முக்கியமென்றால் பேருந்தில் ஒரு சீட்டைப் பிடித்து வைப்பது நல்லது.

2. டென்சிட்டி ஆல்டிட்யூடைக் கணக்கிடுங்கள்

இந்த வெயிலில் நம் விமானம் எந்த உயரத்தில் இருப்பதாக உணர்கிறது என்பதுதான் இந்த எண். சூடான காற்று மெலிந்த காற்று. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைவதால் பலம் குறையும். புரொப்பல்லர் தள்ளும் காற்றும் குறைவு, இறக்கையைத் தூக்கும் காற்றும் குறைவு. மூன்று இழப்பும் ஒரே நேரத்தில் வரும்.

கணக்கு இரண்டு கட்டம். முதலில் பிரஷர் ஆல்டிட்யூட், அதாவது காற்றழுத்தத்தை வைத்துச் சொல்லும் உயரம். ராண்ட் விமான நிலையம் ஏறத்தாழ 5,480 அடி உயரத்தில் இருக்கிறது. க்யூஎன்எச் 1023 என்று வைத்துக்கொள்வோம். நிலையான அழுத்தம் 1013. பத்து ஹெக்டோபாஸ்கல் கூடுதல். ஒவ்வொன்றுக்கும் சுமார் 30 அடி என்று கழித்தால் 5,180 அடி. விமானத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் உயரமானியின் சின்னச் சாளரத்தில் 1013 வையுங்கள், முள் காட்டுவதுதான் விடை. அப்புறம் மறக்காமல் க்யூஎன்எச்சுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது கட்டம் வெப்பம். கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று தொடங்கி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் குறைத்தால், 5,180 அடியில் இருக்க வேண்டியது சுமார் 5 டிகிரி. மதியம் இருப்பதோ 32. வித்தியாசம் 27. ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்தால் 3,240. ஆக மொத்தம் ஏறத்தாழ 8,400 அடி.

காலையில் 15 டிகிரியாக இருந்திருந்தால் வித்தியாசம் பத்துதான். விடை 6,400 அடிக்குள் நின்றிருக்கும். டர்பனில் நீங்கள் "இன்று ரொம்ப வெயில்" என்று சொல்லும் 30 டிகிரி நாளில்கூட இந்த எண் 1,800 அடியைச் சுற்றித்தான் வரும். நீங்கள் அதுவரை பறந்த மிக மோசமான நாளுக்கும் ராண்ட் மதியத்துக்கும் இடையில் 6,600 அடி இருக்கிறது.

வெப்பநிலையை எங்கே படிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வானிலை அறிக்கையில் வருவது நிழலில் அளந்தது. வெயில் காய்ந்த தார் ரன்வேக்கு மேலே அதைவிடச் சூடாகவே இருக்கும். இரண்டு எண் கிடைத்தால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் புழுக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. நீராவி காற்றைவிட எடை குறைந்தது. ஈரக் காற்று மெலிந்த காற்று. கையேட்டு அட்டவணைகளில் பெரும்பாலும் ஈரப்பதம் இடம்பெறாது. புழுக்கமான நாளில் ஓடுதூரத்தோடு பத்து சதவீதம் சேர்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் காற்று அடிக்கும் நாளில் ஜூலை, ஆகஸ்டிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கொதிக்கும். அந்த மைதானம் 2,400 அடி உயரத்தில் வேறு இருக்கிறது.

3. ஆட்களையும் பைகளையும் நிஜமாகவே எடை போடுங்கள்

எடை தெரியாமல் அடுத்த படியின் அட்டவணையைத் திறக்கவே முடியாது. அதனால் இது முன்னால் வருகிறது.

172என் மாடலின் அதிகபட்ச எடை 1,043 கிலோ. வெறும் விமானம் 670 கிலோ என்று வைத்தால் மிச்சம் 373. டேங்கை நிரப்பினால் பயன்படும் எரிபொருள் சுமார் 150 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 108 கிலோ. மனிதர்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 265 கிலோ. அதாவது மூன்று பேர், கொஞ்சம் பை. நாலு இருக்கை இருப்பதால் நாலு பேர் போகலாம் என்று அர்த்தமில்லை.

எடையைக் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்வதில்லை. "மாமா, எவ்வளவு இருப்பீங்க?" என்றால் "எண்பது இருக்கும்ப்பா" என்பார். தராசு தொண்ணூற்று நாலு காட்டும். கல்யாண வீட்டிலிருந்து வருபவர்களின் பைகள் போகும்போது இருந்த எடையில் திரும்பி வருவதும் இல்லை. பட்சணம், மசாலா, வெள்ளிக் குத்துவிளக்கு, கூலர் பாக்ஸ் நிறைய பிரியாணி. தராசை வெளியே வைத்து, "எல்லா விமானத்திலும் இப்படித்தான்" என்று சிரித்தபடி எல்லோரையும் ஏற்றிப் பாருங்கள். முதலில் நீங்கள் ஏறி நின்றால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

அதிகபட்ச எடைக்குள் வந்துவிட்டது, அதனால் சரி என்று முடித்துவிடுவது இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு. அந்த எண் விமானத்தின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. இந்த வெயிலில், இந்த ரன்வேயில் அதைத் தூக்க முடியுமா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எடையைக் குறைக்க மிக எளிய வழி எரிபொருள். எடையில் பத்து சதவீதம் கூடினால் டேக்-ஆஃப் தூரம் இருபது சதவீதம் கூடும் என்பது பிரிட்டனின் விமானத் துறை பைலட்டுகளுக்குத் தரும் கணக்கு. திருப்பிப் பார்த்தால் நூறு கிலோ குறைக்கும்போது தூரத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும். டர்பன் வரை ஒரே மூச்சில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், பாதி டேங்கோடு கிளம்பி வழியில் நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பும் இடத்தில் எரிபொருள் இருக்கிறதா என்று முதல் நாளே போன் போட்டு உறுதி செய்யுங்கள். அந்த இடமும் உயரத்தில் இருந்தால் அங்கேயும் இதே கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். சட்டம் கேட்கும் கையிருப்பு எரிபொருளில் மட்டும் கைவைக்காதீர்கள். ஒரு ஆபத்தைக் குறைக்க இன்னொன்றை வாங்குவதாகிவிடும்.

4. ஓடுதூரத்தைக் கையேட்டிலிருந்து எடுங்கள், அப்புறம் கூட்டுங்கள்

அட்டவணையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சக்கரம் தரையை விடும் வரை ஓடும் தூரம். மற்றது, 50 அடி உயரத்தை எட்டும் வரையான மொத்தத் தூரம். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். ரன்வே முனையில் சக்கரம் ஒரு சாண் எழும்பினால் போதாது, வேலியைத் தாண்ட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செஸ்னா கையேடுகளில் அட்டவணை பிரஷர் ஆல்டிட்யூடையும் வெப்பநிலையையும் தனித்தனியே கேட்கும். சிலர் இரண்டாம் படியில் கண்டுபிடித்த 8,400 அடியை உயரமாக வைத்து, 32 டிகிரி பத்தியில் படிப்பார்கள். வெப்பத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். விடை பயங்கரமாக வரும், "இந்த அட்டவணையே சரியில்லை" என்று மூடி வைத்துவிடுவார்கள். 5,180 அடி, 32 டிகிரி, இப்படித்தான் படிக்க வேண்டும்.

அளவு பிடிபட வேண்டும் என்பதற்காக ஒரு தோராயம். 172என் கடல் மட்டத்தில், சாதாரண நாளில், 50 அடி எட்ட 1,440 அடி எடுக்கும், அதாவது 440 மீட்டர். ஆயிரம் அடி உயரத்துக்குப் பத்து சதவீதம், பத்து டிகிரி கூடுதல் வெப்பத்துக்குப் பத்து சதவீதம் என்று அதே பிரிட்டிஷ் கணக்கில் பெருக்கிக்கொண்டே போனால், ராண்ட் மதியத்துக்கு 2.1 மடங்கு வரும். 930 மீட்டர் சொச்சம். அதிக எடையில், உயரம் போகப் போக இந்தத் தோராயம் குறைத்தே சொல்லும். தரையை விட்டபின் 50 அடி ஏற ஆகும் தூரம் ஓட்டத்தைவிட வேகமாக நீளும் என்பதுதான் காரணம். ஆகவே முடிவு கையேட்டு எண்ணில்தான்.

அந்த எண் புது விமானத்தில், தேர்ந்த பைலட் ஓட்டி எடுத்தது. உங்கள் பள்ளி விமானத்தின் எஞ்சினுக்கு வயதாகியிருக்கும், டயரில் காற்று கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் கடைசியில் 1.33 ஆல் பெருக்குங்கள். 930 இப்போது 1,240 ஆகிறது. காய்ந்த புல் ரன்வே என்றால் மேலும் 1.2 மடங்கு, ஈரப்புல் என்றால் 1.3. ஏறுசரிவு இரண்டு சதவீதம் இருந்தால் பத்து சதவீதம். டர்பனில் 440 மீட்டர் கேட்ட விமானம் ஒரு பண்ணைப் புல்வெளியில் ஒன்றரைக் கிலோமீட்டர் கேட்கிறது.

காற்றைக் கணக்கில் சேர்க்கும்போது கஞ்சத்தனம் தேவை. எதிர்காற்று ஒன்பது நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்குப் பத்து சதவீதம் குறைக்கலாம் என்று செஸ்னா கையேடு சொல்கிறது. பின்காற்றானால் வெறும் இரண்டு நாட் வேகத்துக்கே பத்து சதவீதம் கூட்டச் சொல்கிறது. காற்று தருவது கொஞ்சம், பிடுங்குவது நிறைய. எதிர்காற்றில் பாதியை மட்டும் நம்புங்கள், பின்காற்றை ஒன்றரை மடங்காக எண்ணுங்கள்.

5. ஏறும் சரிவைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் நாலாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ரன்வே போதும் என்று தெரிந்ததும் நிம்மதி வந்துவிடுகிறது. லான்சீரியா போன்ற இடத்தில் மூன்று கிலோமீட்டர் ரன்வே முன்னால் விரிந்து கிடக்கும்போது கேட்கவே வேண்டாம். ஆனால் நீளமான ரன்வே தரையை விடத்தான் உதவும். அதன்பின் ஏறுவது எஞ்சினின் மிச்ச பலத்தில்.

172என் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 770 அடி ஏறும். 14,200 அடியில் அது நிமிடத்துக்கு 100 அடியாகச் சுருங்கும். இரண்டு புள்ளிக்கும் நடுவில் நேர்கோடு போட்டால் 8,400 அடியில் கிடைப்பது சுமார் 370. பாதிக்கும் குறைவு. 160 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே 120 அளவுக்குத்தான் தருகிறது.

இதைத் தரையில் வைத்துப் பாருங்கள். டர்பனில் ஒரு கிலோமீட்டர் முன்னேறும்போது நூறு மீட்டருக்கு மேல் ஏறுவீர்கள். ராண்ட் மதியத்தில் அதே ஒரு கிலோமீட்டரில் 45 மீட்டர் அளவுதான், அதுவும் எல்லாம் ஒழுங்காக இருந்தால். எதிரே நிலம் மூன்று சதவீதம் ஏறுமுகமாக இருந்தால் மரங்களுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி கூடுவதே இல்லை என்பது போலிருக்கும். கீழே இறங்கும் காற்று ஒன்று குறுக்கிட்டால் மிச்சமிருக்கும் ஏற்றமும் போய்விடும்.

2012 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் புரூஸ் மெடோஸ் என்ற மலை மைதானத்தில் நடந்தது இதுதான். ஒரு ஸ்டின்சன் 108 விமானம், நாலு பேர், அதிகபட்சத்தை ஒட்டிய எடை, லேசான பின்காற்று. மைதானத்தின் உயரம் 6,370 அடி, அன்றைய டென்சிட்டி ஆல்டிட்யூட் 9,200 அடி அளவில். ரன்வே நீளம் 5,000 அடி, குறைவே இல்லை. விமானம் எழும்பித் தரையைத் தொட்டு மறுபடி எழும்பியது. மர உச்சிகளை ஒட்டியே சில நிமிடம் பறந்தது, ஏறவே இல்லை, கடைசியில் காட்டுக்குள் விழுந்தது. நாலு பேரும் உயிர் பிழைத்தார்கள். உள்ளே இருந்து எடுத்த வீடியோவை இன்றும் பயிற்சி வகுப்புகளில் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது ரன்வே ஓட்டத்தைவிட அதற்குப் பிந்தைய நிமிடங்களைக் கவனியுங்கள். அந்த பைலட் எந்தக் கட்டத்திலும் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. தப்பு முழுக்கத் தரையில் இருக்கும்போதே நடந்து முடிந்திருந்தது.

எனக்கு ஒரு சொந்த வரம்பு உண்டு: கையேட்டுக் கணக்கில் நிமிடத்துக்கு 300 அடிக்குக் கீழே வந்தால் அன்றைக்குப் போவதில்லை, அல்லது ஆள் குறைத்து இரண்டு நடையாகப் போவது. உங்கள் வரம்பு வேறாக இருக்கலாம். வீட்டிலேயே அதை எழுதிவைத்துவிட்டு வாருங்கள்.

6. நிறுத்தும் இடத்தைத் தரையில் குறித்துவையுங்கள்

ரன்வேயின் பாதித் தூரத்தில், தூக்கும் வேகத்தில் 70 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லையென்றால், எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடி நிறுத்திவிட வேண்டும். இதன் பின்னால் எளிய கணிதம் இருக்கிறது: ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது, 0.7-இன் வர்க்கம் ஏறத்தாழ 0.5.

55 நாட் வேகத்தில் தூக்கும் விமானத்துக்கு இது 38 நாட். பல செஸ்னாக்களில் வேகமானி 40-க்குக் கீழே நம்பும்படி காட்டாது. அதனால் 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதித் தூரம் எது என்பதைக் கண்ணால் குத்துமதிப்பாக எடுக்காதீர்கள். ரன்வேயில் வந்து சேரும் டாக்ஸிவே பாதையின் சந்திப்பு, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை, ஹேங்கர் மூலை என்று ஏதாவது ஒன்றை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்காருபவரிடம் சொல்லுங்கள்: "அந்தக் காற்றுப்பை வரும்போது நாற்பது இல்லேன்னா நிறுத்திடுவேன், பயப்படாதீங்க." சொல்லிவிட்டால் நிறுத்துவது சுலபம். சொல்லாதவர்கள் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றே ரன்வேயைத் தின்றுவிடுவார்கள்.

7. மிக்ஸ்சர்: கடற்கரைப் பழக்கத்தை விடுங்கள்

எஞ்சினுக்குப் போகும் காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்க வேண்டும் என்பதை வைப்பதுதான் மிக்ஸ்சர். கடல் மட்டத்தில் கற்றவர் கை தானாகவே அதன் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளும். ஆயிரம் முறை செய்த பழக்கம். ஹைவெல்டில் அதே கை எஞ்சினுக்கு அளவுக்கு மீறி எரிபொருளை ஊற்றுகிறது. காற்று குறைவு, எரிபொருள் மட்டும் பழைய அளவு. எஞ்சின் திணறும், கறுப்புப் புகை வரும், ஏற்கெனவே குறைந்த பலம் இன்னும் குறையும்.

கார்புரேட்டர் எஞ்சினும் நிலையான புரொப்பல்லரும் உள்ள விமானத்தில் செய்ய வேண்டியது இது. பிரேக்கை அழுத்தி, முழு த்ராட்டில் கொடுத்து, மிக்ஸ்சரை மெதுவாக வெளியே இழுங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறும். உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, உச்சத்துக்குத் திரும்பி, கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளுங்கள். செஸ்னா கையேடு 3,000 அடிக்கு மேலேயே இதைச் செய்யச் சொல்கிறது. கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் அணைந்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

முழு த்ராட்டிலில் நின்ற இடத்தில் வர வேண்டிய ஆர்பிஎம் அளவு கையேட்டில் இருக்கும். மிக்ஸ்சரைச் சரி செய்த பிறகும் அது வரவில்லையென்றால் கிளம்ப வேண்டாம். ஜல்லி கிடக்கும் தரையில் இந்தச் சோதனையை நின்றபடி செய்தால் கற்கள் புரொப்பல்லரைப் பதம் பார்த்துவிடும். சுத்தமான இடமாகப் பாருங்கள். வெயிலில் நீண்ட நேரம் நிறுத்தி வைத்து எஞ்சினை வேகவைக்கவும் வேண்டாம்.

ஃபியூயல் இஞ்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு உயரத்துக்கேற்ற எரிபொருள் ஓட்ட அளவு அட்டவணையில் இருக்கும், அதன்படி வையுங்கள். டர்போ எஞ்சினுக்கு இந்தப் படி பொருந்தாது, அதன் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

ஒரு துணைத் தவறும் உண்டு. ஹைவெல்டில் இறங்க வரும்போது "மிக்ஸ்சர் ரிச்" (எரிபொருள் கூடுதலாக) என்று பட்டியலைப் படித்து முழுக்கத் தள்ளிவிடுவார்கள். இறங்க முடியாமல் மறுபடி மேலே போக வேண்டி வந்தால், பலம் மிக அதிகமாகத் தேவைப்படும் நொடியில் எஞ்சின் திணறும்.

8. ஓட்டம்

ரன்வேயின் கடைசி அங்குலத்திலிருந்து தொடங்குங்கள். நடுவிலிருந்து சேரும் டாக்ஸிவேயில் நுழைந்து அப்படியே ஓடுவது வேண்டாம். பின்னால் விட்டுவந்த தூரம் உதவிக்கு வராது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாபைக் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். சீக்கிரம் தூக்கும் என்று அதிகம் இறக்கினால், தூக்கியபின் ஏற விடாது.

இந்தப் படியில் கண்கள் ஏமாற்றும். மெலிந்த காற்றில் முள் 55 நாட் காட்டும்போது தரையில் நீங்கள் 62 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். பக்கத்துப் புல் வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது, ரன்வே முனை வேறு நெருங்குகிறது. கை தானாகவே கட்டுப்பாட்டுக் கழியை இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள். முள்ளை மட்டும் நம்புங்கள். தூக்கும் வேகம் முள்ளில் டர்பனில் இருந்த அதே எண்தான்.

அவசரப்பட்டு மூக்கைத் தூக்கினால் இழுவை கூடி, வேகம் வளர்வது நின்றுபோகும். விமானம் தரையை விடலாம். ஆனால் இறக்கை நீளத்துக்குள்ளான உயரத்தில், தரையின் அருகாமையால் இழுவை குறைவாக இருப்பதால்தான் அது மிதக்கிறது. அதைத் தாண்டி மேலே போகப் பார்த்தால் இழுவை திரும்ப வந்துவிடும், விமானம் அமிழும்.

9. தரையை விட்டபின்

மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, ரன்வேக்கு மேலேயே மட்டமாகப் பறந்து, ஏறும் வேகம் வரும்வரை பொறுங்கள். வந்தபின் அந்த வேகத்திலேயே ஏறுங்கள். ஏற்றம் மெதுவாக இருப்பதைப் பார்த்து மூக்கை இன்னும் உயர்த்தத் தோன்றும். அப்படி உயர்த்தினால் ஏற்றம் கூடப்போவதில்லை, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் ஸ்டால்தான் நெருங்கும். ஃபிளாபை ஒரே மூச்சில் மேலே ஏற்றிவிடாதீர்கள். பாதுகாப்பான உயரமும் வேகமும் வந்தபின் சிறிது சிறிதாக.

தாழ்வாக இருக்கும்போது திரும்ப வேண்டாம். 30 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் ஏழு சதவீதம் கூடும், 45 டிகிரியில் 19 சதவீதம். உங்களிடம் இருக்கும் வேக மிச்சமே அவ்வளவுதான். திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் சாய்வு மிகக் குறைவாக, தாழ்நிலம் இருக்கும் பக்கமாக.

ஏறவே இல்லையென்றால்? கீழே ரன்வே மிச்சமிருக்கும்போதே த்ராட்டிலை மூடி இறங்குங்கள். மிச்சமில்லையென்றால் நேர் எதிரே உள்ள திறந்த வெளியில், விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே. மெதுவாக, மட்டமாக, கட்டுப்பாட்டோடு வேலியில் மோதியவர்கள் பிழைக்கிறார்கள். ஸ்டால் ஆகி மூக்கு குத்தி விழுந்தவர்கள் பிழைப்பது அரிது.

10. டர்பனை நோக்கி இறங்கும்போது

மேலே ஏறிவிட்டால் வெப்பம் குறையும், எஞ்சின் எண்ணெய் சூடும் கொஞ்ச நேரத்தில் தணியும். டிராக்கன்ஸ்பர்க் ஓரமாக வரும்போது மலைக்கு எந்தப் பக்கம் காற்று இறங்குகிறது என்று பார்த்துத் தள்ளியே பறங்கள்.

கடலை நோக்கி இறங்கத் தொடங்கியதும் ஏழாம் படி தலைகீழாகும். உயரத்துக்காக வெளியே இழுத்த மிக்ஸ்சரை, ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கும்போதும் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். மறந்துவிட்டால் தாழ்ந்த உயரத்தின் அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் போதாமல் எஞ்சின் தடுமாறும். இறங்க முடியாமல் த்ராட்டிலைத் திறக்கும்போது அணைந்தும் போகலாம். வர்ஜீனியாவில் கடைசித் திருப்பத்துக்கு முன்பு குமிழ் முழுக்க உள்ளே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.